பால்மா வராத நாட்கள்

யாழ்ப்பாணத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. அரசர்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், மிஷனரிமார், பள்ளிக்கூடங்கள், சாதிக்கெதிரான போராட்டங்கள், இயக்கங்கள், இடப்பெயர்வுகள் என்று அதில் இடம்பெறாதவை குறைவு. ஆயினும் ஒரு சிறு கேள்விக்கு அந்த நூல்களில் விடை கிடைப்பதில்லை. தரைப்பாதை மூடப்பட்டு, சங்கக் கடையில் பால்மா இல்லையென்றான நாட்களில், ஆறுமாதம் நிரம்பிய ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்ன சாப்பிட்டது? பாதை மூடப்பட்ட தேதி எழுதப்பட்டிருக்கிறது. வந்த கப்பல்களும் வராத கப்பல்களும் எழுதப்பட்டிருக்கின்றன. அடுப்பில் என்ன கொதித்தது என்பது எழுதப்படவில்லை. அது பெண்களின் கைகளில் இருந்த அறிவு என்பதே அதற்குக் காரணம் எனலாம்.

டின்பால் வருவதற்கு முன்பிருந்தே இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் குழந்தையின் உணவு என்பது முதலில் தாயின் உணவாகவே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மல்லி, மஞ்சள், சீரகம், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறி, பத்தியச் சோறு, முருங்கையிலை, பால் சுரக்குமென்று நம்பிய பால்சுறா என்று ஒரு தனிச் சமையலே நடந்தது. இந்துக்கள், கிறிஸ்தவர்கள், சோனகர் என்ற வேறுபாடின்றி மூன்று சமூகங்களின் வீடுகளிலும் இந்தப் பத்தியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பிள்ளைக்கு ஏதேனும் தனியாகப் பருக்க வேண்டியிருந்தால் பாலாடை இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'பரராசசேகரம்' என்ற மருத்துவத் தொகுப்பில் பாலரோக நிதானம் என்றொரு பகுதி உண்டு. குழந்தைகளின் நோய்களைத் தனியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் இங்கு பழையது என்பதற்கு அது சான்று.

பல் முளைக்கும் பருவத்தில் மென்மையான உணவு தொடங்கும். இந்து வீடுகளில் கோயிலில் சோறு தீத்துவார்கள். முதற்பல் கண்டதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போல் அதில் பதித்து, பிள்ளையின் தலையில் மெல்லக் கொட்டுவார்கள். முஸ்லிம் வீடுகளில் பிறந்த பிள்ளையின் அண்ணத்தில் பேரீச்சம்பழத்தை மசித்துத் தடவும் தஹ்னீக் இருந்தது. பாலூட்டலை நிறைவாக்க விரும்பும் தாய்க்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் காலம் குறித்திருப்பதால், பால் மறக்கடிப்பதில் அவசரம் காட்டப்படவில்லை. சடங்குகள் வேறுவேறு. ஆனால் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் அடுப்பில் ஏறிய சட்டியில் பெரும்பாலும் ஒரே பொருளே இருந்தது. அது குரக்கன்.

ஆறுகளற்ற நிலம் யாழ்ப்பாணம். மழைநீரையும் கிணற்றையும் நம்பிய தோட்டக் காணிகளில் குரக்கன், சாமை, தினை, பயறு, உழுந்து, எள் ஆகியன விளைந்தன. வயல் நிலம் உண்டெனினும் குடாநாட்டின் அரிசித் தேவைக்கு அது ஒருபோதும் போதவில்லை. எனவே சிறுதானியமும் பனையும் வீட்டின் காவலாக இருந்தன. தமிழகத்தார் கேழ்வரகு என்பதை நாம் குரக்கன் என்கிறோம். சிங்களத்திலும் அதன் பெயர் குரக்கன்தான்.

குரக்கன் பால் எடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். குரக்கனை அரிக்கன்சட்டியில் இட்டு, நீர்விட்டு அலசி, கல்லும் மண்ணும் அடியில் தங்க அரித்தெடுப்பார்கள். இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் நீரை வடித்து, ஈரத்துணியில் பொட்டலமாகக் கட்டி ஒரு பானைக்குள் வைப்பார்கள். துணி காயாதபடி இடையிடையே நீர் தெளிக்கவேண்டும். ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அந்த முளைத் தானியத்தை ஆட்டுக்கல்லில் அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்தால் சாம்பல் கலந்த வெள்ளைநிறத்தில் பால் இறங்கும். தவிடு துணியில் நிற்கும். பாலைத் தெளியவைத்து, மேல்நீரை இறுத்து, அடியில் தங்கிய மாவை நீரிலோ பசுப்பாலிலோ கரைத்துச் சிறு தீயில் கைவிடாது துழாவ வேண்டும். நிறம் மாறிப் பளபளப்பு ஏறும்போது ஒரு துண்டு பனங்கட்டி. அவ்வளவுதான்.

அவசரத்துக்கு உதவும் மற்றொரு முறையும் இருந்தது. முளைத்த குரக்கனை வெயிலில் காயவைத்து, முளைநாரைத் தேய்த்து உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுத்து, திருகையில் திரித்து, நன்றாக அரித்துத் தகரப் பேணியில் மூடி வைப்பார்கள். வறுத்த அரிசியும் பயறும் உழுந்தும் தனித்தனியே பக்குவம் பார்த்து அதனுடன் சேர்த்தால் அது சத்துமா. ஒவ்வொன்றையும் தனியே வறுப்பதற்குக் காரணம் உண்டு. பயறு வறுபடும் நேரம் வேறு, அரிசி பொரியும் நேரம் வேறு. ஒன்றாக வறுத்தால் ஒன்று கருகும், மற்றது பச்சையாக நிற்கும். இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. மணத்தைக் கொண்டே பெண்கள் அதை அறிந்தார்கள்.

ஐரோப்பாவில் ஏறக்குறைய இதே அறிவு தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் 1860களில் தாய்ப்பாலில்லாக் குழந்தைகளுக்கென ஓர் உணவை வகுத்தார். பசுப்பால், கோதுமை மா, முளைத்த பார்லி மா, சிறிது பொற்றாசியம் உப்பு ஆகியவையே அதன் சேர்மானம். 1867இல் சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தமது பால்மாவுணவை விற்கத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஹோர்லிக் சகோதரர்கள் 1873இல் கொம்பனி தொடங்கி, 1883இல் முளைத்தானியப் பால்மாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். முளைத்த பார்லியை வைத்து அவர்கள் செய்ததன் தத்துவமும், ஈரத்துணிக்குள் குரக்கனை முளைக்கவிட்ட நமது பாட்டிமாரின் தத்துவமும் ஒன்றுதான்.

அந்தத் தத்துவம் இதுதான். தானியம் முளைக்கும்போது மாச்சத்தை உடைக்கும் அமைலேசு என்ற நொதியம் அதில் பெருகுகிறது. சாதாரண மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் களியாகிவிடும், பிள்ளையால் விழுங்க முடியாது. நீர்விட்டு இளக்கினால் வயிறு நிறையும், சத்து இராது. குழந்தையின் வயிறு சிறியது. ஏழு கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். முளைத்த மாவில் காய்ச்சிய கஞ்சியோ, அதிகம் மா சேர்த்தாலும் இளகியே நிற்கும். ஆகவே அதே சிறு வயிற்றுக்குள் கூடுதல் உணவு போகிறது. இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாது தடுக்கும் பைற்றேற்று என்ற பொருளும் முளைப்பதால் குறைகிறது. 1980களில் மைசூர் உணவுத் தொழினுட்ப ஆய்வு நிலையத்தில் தேசிகாச்சாரும், பரோடாவில் கோபால்தாசும் இவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டென்பதும் இன்று பாடநூற் செய்தி. அது அரிசியிலுள்ளதைப் போலப் பலமடங்கு.

இவ்வளவு இருந்தும் குரக்கன் பின்தள்ளப்பட்டது ஏன் என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1857இல் பிரசவ மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். லீச் சகோதரிகளின் முயற்சியால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் உருவானது. பிரசவத்தில் தாயும் சேயும் இறப்பதைக் குறைப்பதில் இவற்றின் பங்கு பெரிது. அதே காலத்தை ஒட்டி வேறொன்றும் துறைமுகங்களில் வந்து இறங்கியது. அதுதான் டின்பால். நெஸ்லே கொம்பனி 1906 முதல் இலங்கையில் வணிகம் செய்து வருகிறது. வெள்ளைக்காரரும் உத்தியோகத்தரும் பாவித்த பண்டம் என்ற மதிப்பு டின்பாலோடு ஒட்டிக்கொண்டது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் போன யாழ்ப்பாணத்தார் அங்கு கண்ட வாழ்க்கைமுறையும் அந்த மதிப்பைக் கூட்டியது.

அந்தச் சிங்கப்பூரிலேதான் 1939இல் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் டின்பாலுக்கெதிராகக் கடுமையாகப் பேசினார். இனிப்பிட்ட கட்டிப்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென விற்று, தாய்ப்பாலை நிறுத்தவைப்பது கொலைக்கு ஒப்பானது என்பதே ரோட்டரி கழகத்தார் முன்னிலையில் அவர் நிகழ்த்திய உரையின் சாரம். அந்தக் குரல் உலக மேடைகளில் ஒலிக்க நீண்ட காலம் எடுத்தது. 1974இல் பிரித்தானியாவில் வெளிவந்த சிறு பிரசுரமொன்றும், 1977இல் தொடங்கிய நெஸ்லே பகிஷ்கரிப்பும், ஈற்றில் 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை ஒழுக்கக் கோவையும் அதன் தொடர்ச்சியே. 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. ஆதரித்து, பின்னர் தனக்கென்றும் ஒரு கோவையை ஆக்கிக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆனால் அதற்கிடையில் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சூப்பிப்போத்தல் நடுத்தர வீட்டின் அடையாளமாயிற்று. குரக்கன், சீனி வியாதிக்காரரும் இல்லாதவரும் சாப்பிடும் பொருளானது. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது குரக்கனும் மரவள்ளியும் ஒருமுறை தலைநிமிர்ந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயாலும் வெங்காயத்தாலும் யாழ்ப்பாண விவசாயி செழித்தான், அவனுடைய வீட்டிலும் பால்மா தட்டுப்பாடாக இருந்தது. 1973இல் சோளம், சோயா ஆகியவற்றைக் கொண்டு திரிபோஷ அறிமுகமானது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட அந்தப் பைக்கற்று, வீட்டுச் சத்துமாவை அரசே தொழிற்சாலையில் செய்து தந்ததற்கு ஒப்பானது.

போர்க்காலத்துக்கு வருவோம்.

1987இல் எரிபொருள் தடையோடு குடாநாட்டின் கழுத்து முதன்முறை இறுக்கப்பட்டது. வடமராட்சிப் படை நடவடிக்கையின் பின் அவ்வாண்டு ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளை வானிலிருந்து போட்டன. அரசியலில் அதன் பொருள் பெரிது. ஏறக்குறைய 25 தொன் என்பது குடாநாட்டின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கும் காணாது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மருந்தும் அருமையாகின. அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் தேதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணிநேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்தின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களும் தம் மண்ணை இழந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் இருந்தது. எனக்குப் பத்து வயது. தங்கச்சிக்கு எட்டு மாதம். இரண்டு மணிநேரத்தில் ஒரு வீட்டிலிருந்து எதை எடுப்பது என்று தெரியாமல் வாப்பா திண்ணையில் நின்றது நினைவிருக்கிறது. உம்மா குசினிக்குள் போய், உம்மம்மா திரித்து வைத்திருந்த குரக்கன் மாப்பேணியைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மறுநாள் வவுனியாவில் ஒரு தேநீர்க் கடையில் சுடுநீர் வாங்கி, மாவைக் கரைத்து, கடைக்காரர் கொடுத்த சீனியில் சிறிது போட்டுத் தங்கச்சிக்குத் தீத்தினார். கடைக்காரர் காசு வாங்கவில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் ஒதுங்கிய பின்னும் அந்தப் பேணி சில நாட்கள் எங்களைத் தாங்கியது. உலர் உணவு நிவாரணத்தில் அரிசியும் மாவும் பருப்பும் இருந்தன, எட்டு மாதப் பிள்ளைக்கென்று எதுவும் இருக்கவில்லை. உம்மம்மா புத்தளம் சந்தையில் சேனைக் குரக்கன் வாங்கிவந்து, திருகையில்லாமல் இரவல் உரலில் இடித்தார். "யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சொத்து இதுதான்" என்று முளைகட்டிய துணியைக் காட்டிச் சொல்வார்.

நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலவரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. 1990க்கும் 1995க்கும் இடையில் மின்சாரமில்லாக் குடாநாட்டில் உரலும் திருகையும் ஆட்டுக்கல்லும் மறுபடி முற்றத்துக்கு வந்தன. சீனி இல்லாத இடத்தைப் பனங்கட்டிக் குட்டான் நிரப்பியது. மண்ணெண்ணெய்க்குப் பதில் பனைமட்டையும் ஊமலும் பொச்சும் எரிந்தன. கிளாலிக் கடலைப் படகில் கடந்து உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பொருட்களுள் பால்மாவும் ஒன்று. அது கிடைக்காதவர்களும் வாங்க இயலாதவர்களும் வயது போனவர்களைத் தேடிப்போய்க் குரக்கன் முளைகட்டும் பக்குவம் கேட்டார்கள். சூப்பிப்போத்தலை நாகரிகமென்று கொண்டாடிய தலைமுறையின் பெண்கள், தமது பாட்டியின் கையிலிருந்து அந்த அறிவை மறுபடி வாங்கிக்கொண்டார்கள்.

முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்து ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி, வலிகாமத்தின் தமிழ் மக்கள் கொட்டும் மழையில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர். அந்த நெரிசலிலும் கைக்குழந்தைகள் இருந்தார்கள். ஒரு தேதி இரண்டு சமூகங்களின் தாய்மாருக்கும் ஒரே கேள்வியை எழுப்பியது. பிள்ளைக்கு நாளைக்கு எதைக் கொடுப்பது? வெளியேற்றியவர் யார், வெளியேற்றப்பட்டவர் யார் என்ற கணக்கை வரலாறு தீர்க்க வேண்டும், தீர்க்காமல் விடக்கூடாது. ஆனால் அந்தக் கேள்வியின் முன்னால் நின்ற பெண்கள் யாரும் எதையும் கட்டளையிட்டவர்களல்லர்.

2006 ஓகஸ்ட் 11ஆம் தேதி முகமாலையில் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டது. ஏறக்குறைய ஆறு இலட்சம் மக்கள் கப்பலை எதிர்பார்த்திருந்தார்கள். கூப்பன் அட்டையோடு சங்கக் கடை வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. குழந்தைகளுக்கான பால்மா கிடைப்பதே அரிதானது. 2009இல் பாதை திறக்கும்வரை இந்த நெருக்கடி ஏறியும் இறங்கியும் நீடித்தது.

அந்த ஆண்டில் குடாநாட்டுக்கு வெளியே, வன்னியில், நடந்த ஒன்றைச் சொல்லாமல் பால்மாவின் கதையை எழுத முடியாது. 2009 ஏப்ரல் 8ஆம் தேதி அம்பலவன்பொக்கணையில் பால்மா வழங்குவதற்காக வரிசையில் நின்ற பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் எறிகணைகள் வீழ்ந்தன. இறந்த தாய்மார் சிலர் பிள்ளையின் பால்மா அட்டையைக் கையில் பற்றியபடியே கிடந்ததாக, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்கிறது. ஒரு பேணிப் பால்மாவுக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த நாட்டில்தான் நாம் வாழ்ந்தோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. குரக்கன் பாலின் பெருமையைப் பேசும்போது பட்டினியை அழகுபடுத்திவிடக் கூடாது. "பொருளாதாரத் தடையிலும் எங்கள் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள்" என்ற வாக்கியம் மேடையில் கைதட்டல் வாங்கும். அந்தக் கைதட்டலில், வளராமற்போன பிள்ளைகள் மறைந்துவிடுகிறார்கள்.

வீட்டுணவால் முடிந்தது எது, முடியாதது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறுமாதம் நிரம்பாத பிள்ளைக்குக் குரக்கன் பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் கூறிவருகிறது. பால் சுரக்கும் தாய்க்கோ வயிற்றுக்கு வேண்டும். பத்தியச் சமையலின் உட்பொருளும் அதுதான். தாயையே பட்டினி போட்ட தடையை எந்தச் சத்துமாவாலும் ஈடுசெய்ய முடியாது. ஆறுமாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தானியம் மட்டும் கொடுக்காது. மீன், முட்டை, இறைச்சி, கீரை வேண்டும். மீன்பிடித் தடை இருந்த கரையோரத்தில் மீன் எங்கிருந்து வரும்? கொதிக்காத நீரிலும் கழுவாத துணியிலும் கஞ்சி விஷமாகும். சவர்க்காரமும் விறகும் அருமையான நாட்களில் வயிற்றோட்டமே பெரிய எதிரியாக இருந்தது. ஜீவனிப் பைக்கற்று கிடைக்காத வீடுகளில் உப்பும் சீனியும் கரைத்த நீர், சோற்றுக் கஞ்சி, இளநீர் என்று கொடுத்துப் பிள்ளைகளைக் காத்தார்கள்.

வழக்கம் என்பதனாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது பல வீடுகளில் இன்றும் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் அரிதாக, ஆனால் உயிராபத்தான நரம்பு நோய் வரலாம் என்பது இன்று அறிந்த உண்மை. அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதால் எந்தப் பாரம்பரியமும் அழியாது. ஈரமேறிப் பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம் ஆகியவற்றில் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சு உருவாகும், வறுத்தாலும் முற்றாகப் போகாது. தானியத்தைப் புடைத்து, கறுத்ததைப் பொறுக்கி எறிந்து, வெயிலில் நன்கு காயவைக்காமல் முந்தைய பெண்கள் எதையும் திரிக்கவில்லை. அந்தப் பொறுமையும் பக்குவத்தின் ஒரு பகுதி.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை இலங்கையின் கதை முன்னேற்றக் கதைதான். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 2006-2007 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஏறக்குறைய 76 சதவீதமாக இருந்து, 2016இல் 82 சதவீதமாகக் கூடினர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாக வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவிச்சிமாரின் நடையும் இதன் பின்னால் இருக்கின்றன. போர்க்காலத்திலும் குடாநாட்டில் அந்த நடை முற்றாக நிற்கவில்லை.

2022இல் நாடு கடனில் மூழ்கியபோது பால்மா வரிசை கொழும்புக்கும் காலிக்கும் கண்டிக்கும் வந்தது. தென்னிலங்கைத் தாய்மார் கடை கடையாக அலைந்த செய்திகளைப் பார்த்தபோது, யாழ்ப்பாணத்தில் பலருக்கும் அது முன்பே பார்த்த படமாக இருந்திருக்கும். அப்போது மறுபடி குரக்கனைப் பற்றிப் பேச்சு எழுந்தது. இன்று குரக்கன் சத்துமா அழகான பைக்கற்றுகளில் விற்கப்படுகிறது. ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகும் பொதிகளில் வறுத்த மாவும் பனங்கட்டியும் இடம்பிடிக்கின்றன. இல்லாதவன் உணவென்று தள்ளிய தானியம், இருப்பவன் விலைகொடுத்து வாங்கும் பண்டமாகியிருக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆயினும் பைக்கற்றில் அடைபடாத ஒன்று இருக்கிறது. தடைக்காலத்தில் எந்தப் பொருளுக்குப் பதிலாக எதைச் சேர்த்தார்கள், பதுங்குகுழிக்குள் கஞ்சியை எப்படிச் சூடாக வைத்தார்கள், இடம்பெயர்ந்த பாதையில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பேணி மாவை எப்படிப் பங்கிட்டார்கள், எந்தப் பிள்ளை தேறியது, எது தேறவில்லை என்ற விபரங்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் புத்தளத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். மீள்குடியேறிய சோனகத் தெருவிலும் சிலர் இருக்கிறார்கள். நமது பல்கலைக்கழகங்களும் சஞ்சிகைகளும் போராளிகளின் நினைவுக் குறிப்புகளைத் தேடிய ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் இவர்கள் பக்கம் திருப்பினால், இந்த மண்ணின் வரலாற்றில் எழுதப்படாத ஓர் அதிகாரம் எழுதப்படும்.

உம்மம்மா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. போன வருடம் தங்கச்சியின் மகளுக்கு ஆறுமாதம் நிரம்பியபோது, குரக்கன் எத்தனை கப், தண்ணீர் எவ்வளவு என்று அவள் உம்மாவிடம் கேட்டாள். உம்மாவுக்கு அளவு சொல்லத் தெரியவில்லை. "கையைப் போட்டுப் பார், தெரியும்" என்றார். தங்கச்சி ஒரு கொப்பியை எடுத்துவந்து, உம்மா கையால் அள்ளிப்போட்ட ஒவ்வொன்றையும் திருப்பிக் கொட்டி, கரண்டியால் அளந்து எழுதிக்கொண்டாள். அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் உம்மம்மாவின் பெயரும், 1990 என்ற ஆண்டும் இருக்கின்றன.